தும்மல் நிற்காத பூனையும் மூக்குத் தண்டின் புடைப்பும்

என் பூனை மல்லிக்கு ஏழு வயது. தும்ம ஆரம்பித்தபோது சாதாரணச் சளி என்று பத்து நாள் விட்டுவிட்டேன். அப்புறம் ஆன்டிபயாட்டிக். கொடுக்கும்போது குறையும், நிறுத்தியதும் திரும்பும். இடையில் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஏதோ பாக்டீரியா வளர்ந்தது, மருந்தை மாற்றினார்கள். பூனையின் நாசியில் பாக்டீரியா எப்போதுமே உண்டு, வளர்த்தால் வளரத்தான் செய்யும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. இடது நாசியில் மட்டும் கெட்டிச் சளி, சில நாள் ரத்தக் கீற்று. ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மாலை மடியில் படுத்திருந்தவளின் நெற்றியைத் தடவும்போது மூக்குத் தண்டில் விரல் தட்டியது. இடப்பக்கம் மட்டும் அரைப் பட்டாணி அளவு புடைப்பு. தாடைக்கடியில் நெறி கட்டியிருந்தது.

மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் புடைப்பில் மெல்லிய ஊசியைச் செருகி ஒரு துளி எடுத்தார், கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டார், பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் சிறு உருண்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாயமேறாத வெள்ளை வளையம். ஓர் உருண்டை குறுகிய கழுத்தோடு மொட்டு விட்டிருந்தது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. அந்த வளையம் அது போர்த்தியிருக்கும் உறை. இரண்டு மாதம் தேடிய பதில் அரை மணி நேரத்தில் கிடைத்தது!

உறுதி செய்ய ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென், அதாவது அந்தப் பூஞ்சை விடும் பொருள், எவ்வளவு என்று பார்த்தார்கள். அந்த எண் மருந்து வேலை செய்கிறதா என்பதையும் காட்டுகிறது. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. புடைப்பு முதல் மாதமே வற்றிவிட்டது, ஆனாலும் ஆன்டிஜென் நெகட்டிவ் ஆகும்வரை மருந்தை விடக்கூடாது என்கிறார்.

• • •

மல்லியிடம் நீங்கள் பார்த்த வளையத்தை நாங்களும் எதிர்பார்த்தோம், கிடைக்கவில்லை. எங்களுடையது பாரசீகப் பூனை. தும்மலுக்குப் பிறகு வலது கண் மெல்ல வெளியே தள்ள ஆரம்பித்தது. கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் நெகட்டிவ். சி.டி. ஸ்கேனில் மூக்குக்குள்ளிருந்து கண்குழி வரை எலும்பு அரித்திருந்தது. புற்றுநோய் என்றே நினைத்து அழுதோம். பயாப்சியில் (திசுவை எடுத்துப் பார்த்ததில்) பூஞ்சை இழைகள் தெரிந்தன: ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை.

அதே திசுவில் ஒரு துண்டை வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மாதிரி இழைதான். 2013இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட ஆஸ்பர்ஜில்லஸ் ஃபெலிஸ், அதே வகையின் இன்னொரு இனமான ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் போலவே தோன்றும். மரபணு வரிசையைப் பார்த்துத்தான் பிரிக்க முடிகிறது. வழக்கமான பூஞ்சை மருந்துகள் பலவற்றுக்கு அது எளிதில் அடங்குவதில்லை. எங்கள் பூனைக்கு மருந்து மாற்றியதே அந்த முடிவு வந்த பிறகுதான்.

• • •

நோயின் பெயர் தெரியும்வரை ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பூனைக்கு ஒவ்வாமை என்று அதைக் கொடுத்தார்கள். மூன்று நாள் மூச்சு சுலபமானது, இரண்டாவது வாரம் நாசி ஓரத்தில் புண் வெடித்தது. அந்தப் புண்ணில் ஒற்றியெடுத்த தகட்டில்தான் எங்களுக்கும் கிரிப்டோகாக்கஸ் தெரிந்தது. வீட்டில் குழந்தை இருக்கிறாள், ஒட்டுமா என்று பயந்தேன். இது சூழலிலிருந்து, புறா எச்சம் போன்றவற்றிலிருந்து மூச்சில் போவது, பூனையிடமிருந்து வராது என்று மருத்துவர் சொன்னபிறகுதான் அவளைப் பூனையின் பக்கத்தில் விட்டேன்.