நெட்பாலில் இருந்து அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு: போர்ஷியா உட்மன் எப்படித் தேறினார்?

கேள்வி: நியூசிலாந்தின் உட்மன் 2012 வரை நெட்பால்தான் (கூடைப்பந்து போல வளையத்தில் பந்து போடும் ஆட்டம்) ஆடினாராம். ரக்பியில் அந்தப் பழக்கம் எதற்கு உதவும்? புதிதாக எதைக் கற்க வேண்டும்?

பதில் 1: உயரத்தில் பந்தைப் பிடிக்க. ஏழு பேர் ஆட்டத்தில் ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்ட அணியே மறுபடி பந்தை உதைத்துத் தொடங்கும். அந்தப் பந்தை அதே அணி எம்பிப் பிடித்தால் எதிரணிக்குப் பந்தே கிடைக்காது. டாக்கிளை (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதை) மட்டும் அடியிலிருந்து கற்க வேண்டும். பிடிப்பவரின் தலை, ஓடுபவரின் பின்பக்கமாக இருக்கணும். முன்னால் போனால் முழங்கால் மண்டையில் இடிக்கும். தோளால் மோதினால் போதாது, கையால் இறுக்கணும். இல்லாவிட்டால் தண்டனை, மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் அது பெரிய அடி.

பதில் 2: குதிகால் தசைநாரை விட்டுவிட்டீர்களே! 2018-இல் அவருக்கு அது அறுந்தது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாயும்போது முழுச் சுமையும் அதன்மேல்தான். ஒலிம்பிக்கில் 3 நாளில் 6 ஆட்டம் வேறு.

பதில் 3: மீண்டு வந்து டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதற்கு முன் ரியோவில் வெள்ளி, இறுதியில் ஆஸ்திரேலியா 24-17 என வென்றது. பதினைந்து பேர் ஆட்டத்திலும் சளைத்தவரில்லை: 2017 உலகக் கோப்பையில் ஹாங்காங்குக்கு எதிராக மட்டும் 8 ட்ரை.