37 வயதில் கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைப்பு: உங்களுக்கு என்னென்ன பரிசோதனை எழுதினார்கள்?

கரூர்க்காரன்:
ஷேவ் செய்யும்போது இடது கண்ணில் நுரை பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் என் முகத்துக்கு மோவாயே இல்லை. உதட்டுக்குக் கீழே பழுப்பாக ஒரு திரை. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன்!

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்துக் காட்டினார். விழித்திரையின் மேல்பாதியில் ஈரக் குங்குமத்தைத் துடைப்பத்தால் இழுத்துவிட்டது போல ரத்தக் கசிவு. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதானாம். பிரஷரால் தமனி தடித்துப்போனால் அடியில் கிடக்கும் சிரை நசுங்கி, அங்கே ரத்தம் கட்டிவிடும். எனக்கோ பிரஷர் 120/80. சுகர் இல்லை, கொழுப்பும் சரி.

"வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியதுண்டா?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு நாற்பதிலேயே வந்தது. சரி என்று ரத்தவியல் டாக்டரிடம் அனுப்பினார். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், பி12 வைட்டமின் குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன், அந்த பி12 என்று அவர் எழுதிக்கொண்டே போனார். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை லேப் பையன் ஐஸ் டப்பாவில் சொருகிக்கொண்டு ஓடினான். வெளியே கிடந்தால் செல்களிலிருந்து அது கசிந்து அளவு பொய்யாகக் கூடிவிடுமாம்.

மற்றதெல்லாம் சரி. ஹோமோசிஸ்டீன் மட்டும் 41. 15-க்குள் இருக்க வேண்டும். பி12 தரைமட்டம். பரம்பரையாகச் சைவம், எனக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. "இதனால்தான் அடைத்தது என்று எழுதித் தர மாட்டேன். ஆனால் குறையைச் சரிசெய்யாமலும் விட மாட்டேன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கு எப்படி?

காரைக்குடி மருமகள்:
அண்ணா, எங்கள் கதை தலைகீழ். அத்தைக்கு 63 வயதில் இதே அடைப்பு. வெளிநாட்டிலிருக்கும் கொழுந்தனார் எதையோ படித்துவிட்டு, உறைதல் பரிசோதனை ஒன்று விடாமல் எடுக்கச் சொன்னார். எல்லாம் நார்மல், பில் மட்டும்தான் அப்நார்மல். அப்புறம் நர்ஸ் பிபி பார்த்தால் 190/110! "தலைசுற்றல்தான் நின்றுவிட்டதே" என்று ஆறு மாதமாக மாத்திரையே போடவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சுகரும் இருந்தால் பெரும்பாலும் இந்தப் பட்டியலே தேவைப்படாது என்று டாக்டர் சொன்னது பில் கட்டிய பிறகு.

நாகர்கோவில் டீச்சர்:
எனக்கு 34. அடைத்தது உங்களைப் போலக் கிளைச் சிரையில் இல்லை, விழித்திரையின் நடுச் சிரையிலேயே. ஒருமுறை ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. கண்ணுக்குப் போன இடத்தில் அதை எதற்குச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். ரத்தவியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ். அதுவும் ஆன்டிபாஸ்போலிப்பிட் வகைதான். பெயரைப் பார்த்து லூபஸ் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது) வந்துவிட்டதென்று அம்மா அழுதார். பெயர்தான் அப்படி, லூபஸ் இல்லாதவர்களுக்கும் வரும். பரிசோதனைக் குழாயில் ரத்தத்தை உறையவிடாமல் இழுத்தடிப்பது, உடம்புக்குள் போனால் உறையவைக்கிறது. காய்ச்சல், தொற்றுக்குப் பிறகு தற்காலிகமாகவும் தலைகாட்டும் என்பதால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் பாசிட்டிவ். இப்போது ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை போடுகிறேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த மாத்திரை அடுத்த ரத்தக்கட்டு வராமலிருக்க. கண்ணில் நீர்கோத்த வீக்கத்துக்குத் தனியாகக் கண்ணுக்குள்ளேயே ஊசி.

இன்னொன்று. வார்ஃபரின் ஆரம்பித்த பிறகு வேறொரு லேபில் புரோட்டீன் சி, எஸ் எடுத்து, இரண்டும் குறைவு என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த மாத்திரையே அவற்றைக் குறைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கரூர்க்காரன்:
டீச்சர், நல்லவேளை சொன்னீர்கள். 'ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்' எடுக்கலையா என்று ஜெர்மனியில் இருக்கும் நண்பன் நச்சரிக்கிறான். 1994-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கண்டுபிடித்த, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் மரபணுக் கோளாறு. ஐரோப்பியர்களிடம் அதிகம், நம் பக்கம் அபூர்வம் என்பதால் டாக்டர் அவசரப்படவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

பி12 ஊசி போட்டு ஹோமோசிஸ்டீன் 13-க்கு வந்துவிட்டது. கண்ணுக்குள் மூன்று ஊசி ஆயிற்று. மோவாய் திரும்பக் கிடைத்துவிட்டது. கதவு நிலைதான் இன்னும் நடுவில் லேசாக வளைந்து தெரிகிறது. அடுத்த ஸ்கேன் 18-ஆம் தேதி.