புதுப்பிப்பு: கோயில்காட்டு நிதி எதுவரை வந்திருக்கிறது?

மேலூர் பக்கம் எங்க ஊர்க் கோயில்காட்டு ஓரத்தில் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்ற நிதி கேட்டிருந்தேன். கேட்டதில் முக்கால்வாசி வந்துவிட்டது. கொடுத்த எல்லாருக்கும் மனசார நன்றி.

வேலை தொடங்கியாச்சு. வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டை மறுபடி தழைத்துவிடும். தூரோடு தோண்டுவதால் பணம் பெரும்பாலும் கூலிக்கே போகிறது. ஜேசிபி விட்டால் உசிலை, வெப்பாலை மாதிரி நாட்டு மரங்களும் சேர்ந்து பெயர்ந்துவிடும், அதனால் வேண்டாமென்றோம். நேற்று ஒரு முட்புதருக்குள் முழங்கால் உயரக் குருந்தங்கன்று! இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம்.

பக்கத்துப் பொட்டலில் மரம் நடலாமே என்று பலர் கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஆள்காட்டிக் குருவியும் வானம்பாடியும் முட்டையிடுவது அந்த வெறுந்தரையில்தான்.

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை, அங்குள்ள உயிரினங்களைக் காக்க 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் அந்தப் பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராகத் திரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரியில் ரத்தானது. நம்ம காட்டுக்கு அந்த அறிவிப்புகூடக் கிடையாது.

மீதி கால்வாசி, மழைக்குப் பிறகு முளைக்கும் சீமைக்கருவேலங்கன்றுகளைப் பிடுங்க. ஆட்டுப் புழுக்கையில் விதை வந்துகொண்டே இருக்கும். முடிந்தவர்கள் கொடுங்கள். கணக்கு நோட்டு பூசாரியிடம் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.