ஸ்கிரீனா, டிஜிட்டலா? ரீசேட் அடிச்ச கதைகள்

கல்லடியில இருந்து:
மாமாங்கம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் தண்ணிப்பந்தல் போடுற பொடியன்மாருக்கு ரீசேட் அடிக்கிற வேலை என்ர தலையில. முதல்தரம் ஸ்கிரீன். வெள்ளை, மஞ்சள் ரெண்டே நிறம். நிறத்துக்கு ஒரு சட்டம், வலை இழுத்துக் கட்டினது; வலைக்குள்ளால மைய அழுத்தித்தான் சேட்டில அடிக்கிறது. அடிக்கிற அண்ணன் இமல்ஷன் (வெளிச்சம் பட்டா இறுகிற பூச்சு) பூசின சட்டத்துக்குக் கீழ எழுத்து அடிச்ச பிலிம வச்சு லைட்டப் போட்டார், மறுகா பைப்படியில பிடிச்சார். வெளிச்சம் படாத இடம் கரைஞ்சு ஓட, வலையில எழுத்துத் தெரிஞ்சிச்சு. பாத்துக்கொண்டு நிண்டதில பின்னேரமே போயிட்டு. ரெண்டாம் நிறம் அடிக்கக்குள்ள ஒரு நூலளவு விலகி, மஞ்சள் தேங்காய் வெள்ளைக் கும்பத்த விட்டு எழும்பி நிக்கிது. 60 சேட்டில 4 அப்பிடி. அதில ஒண்டத்தான் 3 வருசமாப் போடுறன், மை போகல்ல.

அடுத்த வருசம் பொடியன்மாருக்குக் கோபுரம், குளம், வானம் எல்லாம் வேணும். எத்தின சட்டம் போடுறது? டிடிஎஃப் எண்டு ஒரு டிஜிட்டல் முறை சொன்னாங்க: படத்தப் பிலிம்ல அடிச்சு, பசைத்தூள் தூவி, சூட்டுப் பிரஸ்ஸில ஒட்டுறது. ஒரே நாளில 60ம் வந்திட்டு, அச்சொட்டா. ஆனா நெஞ்சில பொலித்தீன் ஒட்டின மாதிரி. ஆடி வெயிலுக்கு அந்த இடம் மட்டும் வேர்த்து ஒழுகுது. ஒருத்தன் படத்துக்கு மேலயே அயன் பண்ணி, பாதிக் கோபுரம் அயனோட போயிட்டு. அது அவன்ட பிழைதான்.

மருதமுனையில இருந்து:
எங்கட கிரிக்கெட் ரீம் ஜேசி சப்ளிமேஷன், சூட்டில மைய ஆவியாக்கித் துணிக்குள்ள இறக்கிற டிஜிட்டல் முறை. பேரும் நம்பரும் ஆளாளுக்கு வேற, ஸ்கிரீன்ல நினைச்சும் பாக்கேலா. மை பொலியெஸ்டருக்குள்ளயே இறங்கிரும், தடவினாத் தெரியா. நான் விட்ட பிழை, அதே படத்தக் கொட்டன் பெனியன் 20க்கும் அடிக்கச் சொன்னது. கடையிலயும் மறுக்கல்ல. அந்த மை கொட்டன்ல பிடியா, முதல் கழுவலிலயே வெளிறிட்டு. நெசவு ஊர்ல பொறந்தவனுக்குத் துணி தெரியல்லையேண்டு வாப்பா இன்னும் சிரிக்காரு.

ஆரையம்பதியில இருந்து:
நான் ஸ்கிரீன் அடிக்கிறவன். மாரி மழைக்கு இமல்ஷன் லேசில காயா, ஹெயார் ட்ரையர் பிடிச்சுக்கொண்டு இருப்பன். 5 சேட் வேணுமெண்டு வாறவர நானே டிஜிட்டலுக்கு அனுப்பிருவன். சட்டம் செய்யிற வேலை 5க்கும் 500க்கும் ஒண்டுதான். கல்லடித் தம்பி, உங்கட தேங்காய் விலகினது சட்டத்தால இரிக்காது. சேட்ட ஒட்டி வைக்கிற பலகையில பசை காஞ்சு, சேட் நகர்ந்திரிக்கும். அந்த 4 சேட்டுக்கும் காசு வாங்கினவரோ?