கேர்கிவர் பயிற்சி: ஆன்லைனா, நேரிலா?

டெக்சாஸ்_வாசி:
கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இராக்கில் குண்டு வெடித்துத் தலையில் அடி, பி.டி.எஸ்.டி.யும், அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பும் உண்டு. பார்த்துக்கொள்வது நான்தான், அவருடைய ‘கேர்கிவர்’. ‘உங்களையும் கொஞ்சம் கவனியுங்கள்’ என்று வி.ஏ.வில், அதாவது முன்னாள் படைவீரர் துறையில், பயிற்சிக்குச் சேரச் சொல்கிறார்கள். ‘பில்டிங் பெட்டர் கேர்கிவர்ஸ்’ என்று ஆன்லைனில் 6 வாரம் ஒன்று. நேரில் போகிற வகுப்பும் இருக்கிறது. எதில் சேரலாம்?

மொன்டானா_மருமகள்:
கண்ணை மூடிக்கொண்டு ஆன்லைன். மாமனார் வியட்நாம் போரில் இருந்தவர். இங்கிருந்து வி.ஏ. ஆஸ்பத்திரிக்குக் காரில் மூன்று மணி நேரம். வகுப்புக்குப் போய்வந்தால் ஒரு நாள் போச்சு. ஆன்லைனில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், அதுவும் நமக்குத் தோதான நேரத்தில். ராத்திரி ஒரு மணிக்கு டிரையரில் துணி சுற்றும்போது நான் பாடம் படித்தேன்.

ஹூஸ்டன்_தம்பி:
ராத்திரி ஒரு மணிக்கு விழித்திருந்து ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்று படித்தீர்களா அக்கா?
என் மனைவி கடற்படையில் இருந்தவர், இப்போது சக்கர நாற்காலி. நேர் வகுப்பில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். மகனைப் பார்த்துக்கொள்பவர். “நாற்காலியிலிருந்து எப்படித் தூக்குகிறாய், காட்டு” என்றார். காட்டினேன். “முதுகால் தூக்காதே” என்று என் பாதத்தைத் தன் காலாலேயே தள்ளி அகட்டி வைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார். இதை எந்த வெப்சைட் செய்யும்?

மொன்டானா_மருமகள்:
சரி தம்பி, அன்றைக்கு மனைவியை யார் பார்த்தார்கள்?

ஹூஸ்டன்_தம்பி:
அம்மா. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார்.

மொன்டானா_மருமகள்:
அதை முதலில் சொல்ல வேண்டாமா! ஊரிலிருந்து அம்மா வர முடிந்தவர்களுக்குத்தான் நேர் வகுப்பு.

டெக்சாஸ்_வாசி:
எனக்கு வேறு தயக்கம். ‘அலுத்துப்போகிறது’ என்று அவர் காதுபட எப்படிச் சொல்வது? ஒருமுறை ஆதரவுக் குழுவின் வீடியோ கூட்டத்துக்குக் காருக்குள் போய் உட்கார்ந்தேன். பத்தே நிமிடம், வந்து கண்ணாடியைத் தட்டினார்.

மொன்டானா_மருமகள்:
அந்த 6 வாரத்தில் பேச்சே கிடையாது, எழுதுவதுதான். யாருக்கும் கேட்காது.

ஹூஸ்டன்_தம்பி:
எழுதும்போது யாரும் அழுவதில்லை. வகுப்பில் நான் அழுதேன். அதற்காகவே போகலாம்.

பழைய_ஆள்:
இரண்டு பேரும் சண்டை போடுவது வகுப்பைப் பற்றி இல்லை, வீட்டில் யார் இருப்பது என்பதைப் பற்றி. ரெஸ்பைட் என்று ஒன்று இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? தகுதி இருந்தால் வருடத்துக்கு 30 நாள் வரை வி.ஏ. ஏற்பாட்டில் நமக்குப் பதில் ஆள் வருவார். கேர்கிவர் உதவிப் பிரிவில் கேளுங்கள். நான் பார்த்துக்கொள்வது என் அண்ணனை; இதைக் கேட்கத் தெரியாமல் இரண்டு வருடம் வீணடித்தேன்.

டெக்சாஸ்_வாசி:
புது ஆள் என்றால் இவர் வாசலிலேயே நிறுத்திவிடுவாரே.

பழைய_ஆள்:
அண்ணனும் அப்படித்தான். முதல் இரண்டு தடவை நான் வீட்டிலேயே இருந்தேன். வந்தவருக்குக் காபி கொடுத்து, ‘அண்ணன் முதுகைச் சுவருக்குக் கொடுத்துக் கதவைப் பார்த்து உட்காருவார், அந்த நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள்’ என்று சொல்லி வைத்தேன். மூன்றாம் தடவை கடைக்குப் போய்வந்தேன். இரண்டு பேரும் டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.