பழைய நகரப் பகுதியில் உச்சி மாடி லாஃப்ட் (கூரையை ஒட்டிய திறந்த வீடு) வாடகைக்கு: கையெழுத்துக்கு முன் என்னென்ன பார்க்கணும்?

நெடுவழி:
பாரம்பரியப் பட்டியலில் உள்ள செங்கல் கட்டடம், முன்பு சரக்குக் கிடங்கு. 6-வது மாடிதான் உச்சி. விளம்பரத்தில் 150 சதுர மீட்டர். சாய்வுக் கூரை, நடுவில் 5 மீட்டர் உயரம், மெசனைனில் (வீட்டுக்குள் பாதி உயரத்தில் போட்ட இடைத்தளம்) படுக்கை, கூரையில் இரண்டு பெரிய கண்ணாடி ஜன்னல்கள், தனி மொட்டைமாடி. லிப்ட் 5-வது மாடி வரைதான். 2 வருட ஒப்பந்தம். போட்டோவில் குறையே தெரியவில்லை. நேரில் எதைச் சோதிக்கணும், ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்கணும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கொத்துக்கரண்டி:
பார்க்கப் போகும் நேரத்தை ஏஜென்டிடம் விடாதீங்க. சாயங்கால வெளிச்சத்தில் எந்த லாஃப்டும் அழகுதான். வெயில் அடிக்கும் நாளில் மதியம் 2 மணிக்குப் போய், ஏசி போடாமல் மெசனைனில் கால் மணி நேரம் இருங்க. சூடான காற்று மேலே போய்த் தங்கும். உங்க படுக்கை இருப்பது அங்கேதான். உச்சி வெயிலில் கூரைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஏறத்தாழ 1,000 வாட் விழும். 4 சதுர மீட்டர் கண்ணாடி அதில் 70% உள்ளே விட்டால் 2.8 கிலோவாட். 1 டன் ஏசியின் திறனே 3.5 கிலோவாட்தான். அதாவது ஒரு ஏசி பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக்கே உழைக்கும். தரைப் பரப்பை மட்டும் வைத்து ஏசி போட்டிருந்தால் நிச்சயம் பத்தாது. திரை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பாருங்க. வெளித்திரை வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுக்கும். உள்திரை, வெயில் உள்ளே வந்த பிறகு மறைக்கிறது, அவ்வளவுதான். பாரம்பரியக் கட்டடத்தில் வெளித்திரைக்கு அனுமதி கிடைப்பது சிரமம், அதனால் இருப்பதை வைத்தே முடிவெடுங்க. ஏசியின் வெளி யூனிட் எங்கே இருக்கிறது என்றும் பாருங்க. தெருப்பக்கம் வைக்க விடமாட்டார்கள். பல இடங்களில் அது மொட்டைமாடியில் படுக்கைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து இரவு முழுக்க அதிரும்.

அடுத்தது தண்ணீர். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம். தொட்டி உங்க தலைக்கு மேல் 3 மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்; பெரிய மழை ஷவருக்கு அது வெறும் ஒழுகல். பூஸ்டர் பம்ப் இருக்கா என்று கேளுங்க, இருந்தால் ஓட விட்டுச் சத்தத்தையும் கேளுங்க. ஷவரின் கீழ் 10 லிட்டர் வாளி வைத்து, சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு நேரம் பாருங்க. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த ஷவர் போட்டோவுக்கு மட்டும்தான். கீசரையும் கணக்கு போடுங்க: 80 லிட்டர் கீசரில் 60 டிகிரி நீரை 15 டிகிரி நீருடன் கலந்தால் 40 டிகிரியில் 144 லிட்டர் வரும். 200 லிட்டர் குளியல் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பும், முழுசாக நிரம்பாது.

ஒழுகல்தான் பெரிய தலைவலி. புதுசாக வெள்ளையடித்த வீட்டில் கறை தெரியாது. அதனால் ஒரு மூலையில் மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தால் சந்தேகப்படுங்க. கூரைக் கண்ணாடியின் சட்ட ஓரம், சாய்வுக் கூரை சுவரைத் தொடும் இடம், புகைபோக்கியைச் சுற்றி, இந்த மூன்றிலும் பூச்சு உப்பியிருக்கா, உப்புப் பூத்திருக்கா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்க. ஈரப்பத மீட்டர் இருந்தால் உத்தரம் சுவருக்குள் போகும் முனையில் குத்திப் பாருங்க. 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மரம் உளுக்கும் நிலை. செங்கல் சுவரில் சிமென்ட் ஒட்டு போட்டிருந்தால் அதுவும் நல்லதில்லை. பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை அடைத்துப் பக்கத்துச் செங்கல்லைப் பொரிய வைக்கும்.

மொட்டைமாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்க. கதவு நிலையை நோக்கி வந்தால் பேச்சே வேண்டாம்.

பொட்டலம்:
லிப்ட் 5-வது மாடியோடு நிற்கிறது என்றால் கடைசி மாடிப்படிதான் உங்க எதிரி. லிப்ட் கதவின் அகலம், உள் ஆழம், உயரம், படி திரும்பும் இடத்தின் அகலம், கைப்பிடியிலிருந்து சுவர்வரை, எல்லாம் அளந்துக்குங்க. 180-க்கு 200 சென்டிமீட்டர் மெத்தை வளைந்து போய்விடும், அதன் கட்டில் பலகை வளையாது. 2.2 மீட்டர் சோபா பிரித்துப் பூட்டும் வகையா என்று பாருங்க. ஜன்னல் வழியாக ஏற்றலாம் என்பார்கள். ஏற்றலாம்தான், ஆனால் தெருவை அடைக்க அனுமதி வேண்டும், பழைய பகுதிகளில் வண்டி நுழையும் நேரமும் குறிப்பிட்டிருக்கும். பிரிட்ஜ் அங்கேயே இருந்தால் அதை ஒப்பந்தத்தின் பொருள் பட்டியலில் சேர்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

மூன்றாம்_ஷரத்து:
கொத்துக்கரண்டி சொன்ன எல்லாம் சரி. ஆனால் ஒழுகலைக் கண்டுபிடிப்பதை விட அதை யார் சரிசெய்வது என்று எழுதி வாங்குவது முக்கியம். கூரை பெரும்பாலும் கட்டடச் சங்கத்தின் பொறுப்பு, வீடு உரிமையாளருடையது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது வாடகைக்காரர்தான். பட்டியலிட்ட கட்டடத்தில் ஓடு மாற்றவே அனுமதி தேவைப்படலாம், மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஷரத்து இப்படி: எழுத்தில் தெரிவித்ததிலிருந்து இத்தனை நாளுக்குள் தற்காலிகத் தடுப்பு போடணும்; ஓர் அறை பயன்படாமல் போனால் வாடகை இத்தனை சதவீதம் குறையும்; இத்தனை மாதம் தாண்டினால் அபராதமின்றி வெளியேறலாம். நாளும் சதவீதமும் எண்ணாக இருக்கணும். "நியாயமான காலத்துக்குள்" என்று எழுதினால் பயனில்லை.

வெளிச்சுவர்ச் சீரமைப்பு ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கா என்று சங்கத்தின் கடைசிக் கூட்டக் குறிப்பைக் கேளுங்க. சாரம் கட்டி வலை போட்டால் நீங்க பணம் கொடுக்கும் காட்சி போயிடும்.

மொட்டைமாடி "தனி" என்பது விளம்பரச் சொல்லா, ஒப்பந்தச் சொல்லா? தொட்டியும் லிப்ட் இயந்திர அறையும் அங்கேதான் என்றால் பராமரிப்பு ஆட்கள் வந்து போக உரிமை இருக்கும்.

150 சதுர மீட்டரை எப்படி அளந்தார்கள்? சாய்வுக் கூரையின் கீழ் நிற்கவே முடியாத இடமும் அதில் இருக்கலாம். ஜெர்மனி விதியில் 1 மீட்டருக்குக் குறைந்த உயரம் கணக்கில் வராது, 1 முதல் 2 மீட்டருக்குள் பாதிதான் வரும். உங்க ஊர் விதி எதுவானாலும், கூரை 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கும் தரையை மட்டும் நாடாவில் அளந்து வாடகையை அதால் வகுத்துப் பாருங்க. பேரம் பேச அந்த எண் உதவும்.

நெடுவழி:
நன்றிங்க. மொட்டைமாடியில் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் சூடான நீர்த்தொட்டி) வைத்துக்கலாம் என்று உரிமையாளரே சொல்கிறார். கிடங்குக் கட்டடம்தானே, பாரம் தாங்கும் என்கிறார். நம்பலாமா?

கொத்துக்கரண்டி:
கிடங்கின் தளங்கள் பாரம் தாங்கும், உண்மை. கூரை மேல் யாரும் சரக்கு வைக்கவில்லையே. உங்க மொட்டைமாடி பின்னாளில் கூரையை மாற்றிச் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 4 சதுர மீட்டர் தொட்டியில் 1,200 லிட்டர் நீர், தொட்டி 300 கிலோ, நாலு பேர் 300 கிலோ: மொத்தம் 1,800, அதாவது சதுர மீட்டருக்கு 450 கிலோ. சாதாரண வீட்டுத் தளத்தின் கணக்கு 150 முதல் 200 கிலோ. செடித் தொட்டிகளும் இதே கதைதான். நனைந்த மண் 40 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே சதுர மீட்டருக்கு 700 கிலோவைத் தொடும். கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்திட்ட கடிதம் தந்தால் வைங்க. வாய்ச்சொல்லுக்கு வைக்காதீங்க. கீழ்வீட்டில் விரிசல் வந்தால் இழப்பீடு உங்களிடம்தான் கேட்பார்கள்.

மூன்றாம்_ஷரத்து:
அந்தக் கடிதத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்க. கூடவே, மெசனைனிலிருந்து தீ நேரத்தில் வெளியேற இரண்டாவது வழி இருக்கா, புகை உணரி கூரையின் உச்சியில் இருக்கா என்றும் பாருங்க. 5 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு பேட்டரி யார் மாற்றுவது என்பதையும் இப்பவே கேட்டுடுங்க.