டைன்ஹாம் கிராமத்து பழைய ஆளுங்க யாரையாச்சும் தெரியுமா?

இங்கிலாந்துல டோர்செட் பக்கம் இருக்கிற நம்மாளுங்க கொஞ்சம் உதவுங்களேன். டைன்ஹாம்னு ஒரு கிராமம், 1943 டிசம்பர்ல டாங்கி பயிற்சிக்கு இடம் வேணும்னு ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க, சனங்களும் போர் முடிஞ்சா திரும்பிடலாம்னு நம்பி, வீடு வாசலையெல்லாம் பத்திரமா பாத்துக்கங்கன்னு சர்ச் கதவுல சீட்டு ஒட்டிட்டு கெளம்புனாங்க. 1948ல அரசாங்கமே கையகப்படுத்திருச்சு, அவ்ளோதான்.

எனக்கு ஆர்மி கதை வேணாம், அது நெட்ல கொட்டிக் கிடக்கு. 1932ல மூடுன அந்த ஊரு ஸ்கூல்ல படிச்சவங்க, பக்கத்துல வொர்பேரோ கடற்கரையில மீன் பிடிச்சவங்க, அவங்க புள்ளைங்க பேரப்புள்ளைங்க வீட்ல பேசிக்கிற கதைதான் வேணும். வேர்ஹாம் பக்கம் கேர் ஹோம்ல வேலை பாக்குறவங்க இருந்தா, யாராவது பேச சம்மதிப்பாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா? டார்செஸ்டர் ஹிஸ்டரி சென்டர்ல பழைய சர்ச் ரெஜிஸ்டர் பாத்த அனுபவம் இருந்தாலும் சொல்லுங்க.